மேல் பெட்டி, கீழ் பெட்டி

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை ஒரு கேபிளை மாட்டியது. வியாழக்கிழமை மதியம், முன்னறையில். ஒரு முனை மேல் பெட்டியின் முதுகில், மறுமுனை கீழ் பெட்டியின் முதுகில். ஐந்து முள் கொண்ட, ஒரு மீட்டர் நீளக் கறுப்புக் கேபிள். மாட்ட அரை நிமிடம் ஆகும். மாட்டச் சம்மதிக்க அம்மாவுக்குப் பதினைந்து வருடம் ஆயிற்று.

பெட்டி என்றால் கீபோர்டு. சிந்தசைசர் என்று யாராவது சொன்னால் "மருந்துக் கடையில கேக்கற மாதிரி இருக்கு" என்பாள். ஓர் இரும்புத் தாங்கியில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பெட்டிகள். இரண்டிலும் ஆர்பெஜியேட்டர் உண்டு. மூன்று சுரங்களைச் சேர்த்து அழுத்திப் பிடித்தால் போதும். பெட்டி அவற்றைப் பிரித்து, ஒவ்வொன்றாக, சொன்ன வேகத்தில், கையை எடுக்கும்வரை சுற்றிச் சுற்றி வாசிக்கும். சோம்பேறிகளுக்காகக் கண்டுபிடித்த வசதி. அம்மா அதைச் 'சுத்தல்' என்பாள்.

ஒரு பெட்டியில் மட்டும் சுற்றவிட்டால் சிக்கல் இல்லை. இரண்டிலும் சுற்றவிட்டால் இரண்டும் சேர்ந்து ஓட வேண்டும். அங்கேதான் வம்பு. இரண்டின் திரையிலும் வேகம் 126 என்று தெரியும். ஆனால் ஒன்றின் 126 மற்றதன் 126 அல்ல. உள்ளிருக்கும் கடிகாரங்கள் வேறு வேறு. முதல் நிமிடம் தெரியாது. ஒன்றரை நிமிடத்தில் காது கண்டுபிடித்துவிடும். அதற்குப் பிறகு, ஒரு காலில் செருப்பும் மறுகாலில் பூட்ஸுமாக யாரோ மாடிப்படி இறங்குவதுபோல் கேட்கும்.

கடிகாரங்களை ஒத்து ஓடவைப்பதுதான் என் பிழைப்பு. ஒரு கைப்பேசி நிறுவனத்தில், கோபுரத்துக்குக் கோபுரம் நேரம் பிசகாமல் பார்த்துக்கொள்ளும் வேலை. கேபிள் மாட்டினால் ஒரு பெட்டி வேகம் சொல்லும், மற்றது கேட்டு நடக்கும் என்று அம்மாவிடம் எத்தனை முறை சொன்னேனோ தெரியாது.

"கயித்தக் கட்டி இழுத்தா நடக்கறதுக்குப் பேரு நடையாடி?" என்பாள்.

அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. நான்கு தாளச் சுற்றுக்கு ஒருமுறை, சுற்று முடியும் அந்த நொடியில், இரண்டு கைகளையும் ஒன்றாகத் தூக்கி ஒன்றாக அழுத்துவாள். எல்லா விரலும் எழுந்தால்தான் ஆர்பெஜியேட்டர் பழைய கணக்கை மறந்து முதல் சுரத்திலிருந்து தொடங்கும். இரண்டு பெட்டியும் பிசகத் தொடங்குவதற்குள் இரண்டையும் கழுத்தைப் பிடித்து வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்துவது. குழுவின் தொடக்க இசை ஆறு நிமிடம். அதில் நாற்பத்தேழு முறை இப்படித் தூக்கி அழுத்த வேண்டும். கேட்பவர்களுக்கு ஒரு தையலும் தெரியாது. நான் அளந்து பார்த்திருக்கிறேன். இரண்டு கைக்கும் இடையே வித்தியாசம் பத்து மில்லி நொடியைத் தாண்டியதில்லை. அதை அவளிடம் சொன்னதில்லை. சொன்னால், "உன் மெஷின் சர்டிபிகேட் குடுத்துடுச்சா?" என்று கேட்டிருப்பாள்.

அப்படிப்பட்டவள் தானாகவே என்னைக் கூப்பிட்டாள்.

"ஊர்ல உள்ள டவரையெல்லாம் ஒண்ணா ஓட்டறியாம். இந்த ரெண்டு பெட்டிய ஓட்டிக் காட்டு, பாப்போம்."

காரணம் அவள் சொல்லவில்லை. மூன்று சுரங்களைப் பிடித்துக் காட்டச் சொன்னபோது நானே பார்த்துவிட்டேன். கையைத் தூக்கியதும் இடதுகை மோதிர விரல் மட்டும் மடங்கியபடியே நின்றது. வலதுகையால் அதைப் பிடித்து, பேனா மூடியைக் கழற்றுவதுபோல் நிமிர்த்தினாள். டக்கென்று ஒரு சத்தம்.

"எவ்வளவு நாளாம்மா?"

"அது அப்பப்ப படுத்துக்கும். நீ உன் கயித்தக் கட்டு."

மேல் பெட்டியின் அமைப்பில் 'இன்டர்னல்' என்று வைத்தேன். கீழ் பெட்டியில் 'எக்ஸ்டர்னல்'.

"மேல இருக்கிறது தன் கடிகாரத்துல ஓடும். கீழ இருக்கிறது மேல இருக்கிறது சொல்றதைக் கேக்கும். அவ்வளவுதாம்மா."

"அது ஏன் இதைக் கேக்கணும்? இது என்ன மாமியாரா?"

"யாராவது ஒருத்தர் கேட்டுத்தாம்மா ஆகணும்."

"நம்ம வீட்டுல அப்படி ஒருத்தரும் இல்லையேடி."

"நான் இருக்கேனே" என்றார் அப்பா, சமையலறையிலிருந்து. அவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்.

"நீங்க கேக்கறதில்ல. காது கேக்காத மாதிரி இருக்கீங்க. ரெண்டும் வேற."

அழுத்தினாள். இரண்டு பெட்டியும் சேர்ந்து சுற்றின. பத்து நிமிடம் விட்டுவைத்தோம். நூல் பிசகவில்லை. அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை, "ம்" என்றாள். அணைத்தால் மறந்துவிடும், அதனால் கடைசியில் சேவ் செய்ய வேண்டும் என்று சொல்லி, எந்தப் பொத்தான் என்று காட்டினேன். கையேட்டைப் பைக்குள் வைத்தேன். வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

அம்மாவுக்குத் திடீரென்று ஏன் இந்த அவசரம் என்று சொல்ல வேண்டும். குழு என் மாமாவுடையது, அம்மாவின் தம்பி. பாடகர், தன்னைத் தானே 'இசை நிர்வாகி' என்று அச்சடித்துக்கொண்டவர். அம்மா இருபத்திரண்டு வருடமாக அதில் வாசித்தாள். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு மண்டபத்தில், தொடக்க இசையின் நடுவே, அந்த விரல் மடங்கி நின்றுவிட்டது. ஒரு சுரம் எழவில்லை, எனவே கீழ் பெட்டி முதலிலிருந்து தொடங்கவில்லை. மீதி மூன்று நிமிடம் நொண்டியது. கூட்டத்தில் எவருக்கும் தெரிந்திருக்காது; அவர்கள் தட்டில் கவனமாக இருந்தார்கள். மாமாவுக்குத் தெரிந்தது. அடுத்த வாரமே ஒரு ஸ்டுடியோவில் தொடக்க இசையை வேறோர் ஆளை வாசிக்கவைத்து ஒரு பென் டிரைவில் அடைத்துக்கொண்டு வந்தார். வரப்போவது ஒரு பெரிய நிறுவனத்தின் ஆண்டு விழா. பென் டிரைவ் பாடும், அம்மா பெட்டிகளின் பின்னால் நின்று கையை அசைத்தால் போதும் என்றார்.

"நிக்கிறதுக்கு மட்டும்னா துணிக்கடையில கேளுடா. வாசல்ல வெச்சிருக்கிற பொம்மையத் தருவான். அது என்னை விட நல்லா நிக்கும்" என்றாள் அம்மா.

"சரிக்கா, சனிக்கிழமை ஒத்திகை. ஆறு நிமிஷமும் பிசகாம வந்துச்சுன்னா நீயே வாசி. வரலேன்னா பென் டிரைவ். பேச்சு மாறக் கூடாது."

மாற்றுவது அவர் வேலை. அம்மா மாறமாட்டாள். ஒப்புக்கொண்டாள். அதனால்தான் கேபிள்.

அம்மா யாரிடமும் இசை படித்தவள் அல்ல. நோட்டரி ஒருவர் அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் தட்டச்சு செய்தாள். எங்கள் மாடியில் குடியிருந்த ஒருவர் காலி செய்தபோது ஒரு கீபோர்டை விட்டுப்போனார். அதில் பதினொரு கட்டைகள் வேலை செய்யாது. அந்தப் பதினொன்றையும் தாண்டித் தாண்டி அம்மா கற்றுக்கொண்டாள். பிறகு நல்ல பெட்டி வந்தபின்னும் அந்தப் பதினொன்றை வேறு வழியில்லாவிட்டால்தான் தொடுவாள். மாமாவின் குழுவில் அப்போது கீபோர்டு வாசித்தவர் ஒரு நிகழ்ச்சியன்று காய்ச்சல் என்று படுத்துவிட்டார். அக்காவைக் கூப்பிட்டார்கள். காய்ச்சல்காரர் திரும்பி வந்தபோது இடம் இல்லை.

எல்லோரையும் அவள் மட்டமாகத்தான் பார்த்தாள். அதை ஒளித்ததும் இல்லை. பாடகர்கள் 'வாய்'. கிட்டார் வாசிப்பவர் 'கம்பி'. மின் தாளப் பலகை அடிப்பவர் 'டப்பா'. பகலில் டயர் கடை நடத்துபவர். பதினெட்டு வருடமாக அவளிடமிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று வாசித்தவர். 'டப்பா' என்று கூப்பிட்டால் "அக்கா" என்று திரும்பிப் பார்ப்பார். கூட்டத்துக்கு 'தட்டறவங்க' என்று பெயர். "சாப்பாடு நல்லா இருந்தா நமக்குத் தட்டுவாங்க, நல்லா இல்லேன்னா நம்மளத் தட்டுவாங்க." என் பத்து வயதில் நான் ஒரு சின்ன மெட்டை வாசித்துக் காட்டினேன். முழுதும் கேட்டாள். "நல்லவேளை, உனக்குக் கணக்கு நல்லா வருது" என்றாள். அதோடு நான் பெட்டியைத் தொடவில்லை. கணக்கு நன்றாகத்தான் வந்தது.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு எனக்கு அவளிடமிருந்து அழைப்பு வந்தது. நான் ஒரு கோபுரத்தின் அடியில், கருவி அறையில் இருந்தேன். நேரம் பிசகிய கோபுரம். மேலதிகாரி இன்னொரு இணைப்பில் காத்திருந்தார்.

"ஏய், சத்தமே வரலடி. அழுத்தறேன், ரெண்டும் பேசாம இருக்கு."

"சேவ் பண்ணினியா?"

"பண்ணினேன்."

"சரியாப் பண்ணியிருந்தா வரும்மா."

"பண்ணினேன்னு சொல்றேன்ல. எல்லாரும் நிக்கறாங்க. என்னன்னு சொல்லு."

"வேலையில இருக்கேன். கையேடு பையிலதான் இருக்கு. எடுத்துப் பாரு. படிக்கத் தெரியும்ல?"

முப்பத்தொரு வருடம் பிறர் எழுதியதைப் படித்துத் தட்டச்சு செய்தவளிடம் இதைக் கேட்டேன். அவளிடம் கற்ற பேச்சுதான். அவளுக்கே திருப்பினேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததை அப்பா சொன்னார். அவர்தான் அவளை வண்டியில் கொண்டுபோய் விட்டு, பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பெட்டிகள் இரண்டும் ஊமையாக நின்றன. மாமா ஒலிவாங்கியிலேயே, "என்னக்கா, ராகம் மௌனமா?" என்று கேட்டார். வாய் சிரித்தது. கம்பி சிரித்தது. அம்மா கேபிளைப் பிடுங்கிப் பையில் போட்டாள். இரண்டு பெட்டியையும் பழையபடி தனித்தனியாக ஓடவிட்டு, கையால் வாசிக்கிறேன் என்று தொடங்கினாள்.

"எண்ணிகிட்டே இருந்தேன். பதினெட்டு தடவை சரியாத் தூக்கினா. பத்தொன்பதாவதுல விரல் நின்னுடுச்சு" என்றார் அப்பா. "நிறுத்தல. வாசிச்சா. உங்க மாமா கையக் காட்டினப்புறமும் வாசிச்சா. உங்க மாமா போய் மெயின் சுவிட்ச அணைச்சார்."

மெயின் சுவிட்ச். சொந்த அக்கா வாசித்துக்கொண்டிருக்கும்போது. நான் மாமாவைப் பற்றி நல்லதாக ஒன்று எழுத வேண்டுமென்று யோசித்தேன். அவர் நன்றாக உடுத்துவார்.

ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டுக்குப் பேசவில்லை. அவளும் பேசவில்லை. எங்கள் வழக்கம் அது. மற்றவர் முதலில் கூப்பிடட்டும் என்று இருவரும் இருப்போம். இரண்டு நாளில் அப்பா யாராவது ஒருத்திக்கு ஏதாவது வேலை சொல்லிக் கூப்பிடவைப்பார். இந்த முறை இரண்டு நாள் கிடைக்கவில்லை. திங்கட்கிழமை காலை பத்தரைக்கு அம்மா குளியலறை வாசலில் விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்றார்கள். மதியத்துக்குள் முடிந்தது. அறுபத்து மூன்று வயது.

வந்தவர்கள் பேசியதைக் கேட்டேன். "யாரையும் ஒரு வார்த்தை கடிஞ்சு பேசினதில்ல" என்றாள் ஒருத்தி. அவளை அம்மா இருபது வருடம் 'ஓட்டை ஹார்மோனியம்' என்று கூப்பிட்டிருக்கிறாள். "பூ மாதிரி மனசு" என்றார் கம்பி. அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அந்த நாள் முழுவதும் சிரிப்பு வந்தது அப்போது ஒருமுறைதான். அதைச் சொல்லிச் சிரிக்க ஆள் இல்லை.

புதன்கிழமை மாமா வந்தார். சனிக்கிழமை விழா நடக்கும். பெட்டிகள் மேடையில் இருக்க வேண்டும் என்றார்.

"எதுக்கு மாமா? பென் டிரைவ்தானே?"

"அக்காவுக்கு ஒரு மரியாதைம்மா. படத்த மேல வெச்சு, தொடக்க இசைய அவங்களுக்கே சமர்ப்பணம்னு சொல்லப்போறேன். ஜனங்க அழுதுடுவாங்க."

அழவைப்பதற்கு ஏற்பாடு செய்துவிட்டுத்தான் துக்கம் கேட்க வந்திருந்தார். நான் முடியாது என்று சொல்வதற்குள் அப்பா, "எடுத்துட்டுப் போங்க" என்றார். அவர் அதற்குமேல் பேசும் நிலையில் இல்லை.

கொடுப்பதற்கு முன் இரண்டையும் போட்டுப் பார்த்தேன். சேவ் செய்யவில்லை என்று நான் சந்தேகப்பட்டது உண்மைதானா என்று பார்க்க வேண்டியிருந்தது. சேவ் செய்திருந்தாள். ஒத்திகையில் அவசரத்துக்கு மாற்றியது அணைத்ததும் அழிந்துபோக, அவள் சேமித்தது அப்படியே இருந்தது. கீழ் பெட்டி எக்ஸ்டர்னல். மேல் பெட்டியும் எக்ஸ்டர்னல். நான் இன்டர்னலில் விட்டுப்போனதை அவளே மாற்றியிருக்கிறாள். இரண்டும் மற்றதன் சொல்லுக்காகக் காத்திருக்கும், ஒன்றும் தொடங்காது. முதல் வருட மாணவன்கூடச் செய்யாத தப்பு. தொலைபேசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்: மேல் பெட்டி எதில் இருக்கிறது? பத்து விநாடி வேலை. எனக்குச் சம்பளம் தராமல் உதவி கேட்ட ஒரே வாடிக்கையாளருக்கு அதைச் செய்யவில்லை.

விழாவுக்குப் போனேன். பெட்டிகளை யாராவது கீழே போட்டுவிடுவார்கள் என்பது காரணம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மேல் பெட்டிமேல் அம்மாவின் படம். மின்கம்பியைக்கூடச் செருகவில்லை. மாமா கண்ணைத் துடைத்துவிட்டு ஒலிவாங்கியை எடுத்தார்.

"இதோ, என் அக்கா உங்களுக்காக வாசிக்கிறாங்க."

பென் டிரைவ் வாசித்தது. ஆறு நிமிடமும் இம்மி பிசகவில்லை. நான்காவது பகுதியில் அம்மா கீழ்ச் சுரத்தை மேலே தூக்கி வைத்து வாசிப்பாள். ஜன்னலைத் திறந்ததுபோல் இருக்கும். இதில் அது இல்லை. ஸ்டுடியோ ஆளுக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்? ஒருநாளும் அம்மா அவ்வளவு மொண்ணையாக வாசித்ததில்லை. எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். முன்வரிசையில் ஓர் அம்மாள் அழுதாள்.

முடிந்ததும் பெட்டிகளை உறையில் போட்டுக்கொண்டிருந்தேன். டப்பா வந்து கீழ் பெட்டியின் மறுபக்கத்தைத் தூக்கினார்.

"அக்கா இதைக் கேட்டிருந்தாங்கன்னா செருப்பால அடிச்சிருப்பாங்க" என்றார்.

"யாரை?"

"எங்க எல்லாரையும். வரிசையா நிக்க வெச்சு."

அந்த வாரத்தில் ஒருவர் சொன்ன முதல் உண்மை. பெட்டியை வண்டிக்குள் தள்ளிவிட்டு அவர் போகவில்லை.

"அன்னிக்கு ஒத்திகையில பெட்டி ரெண்டும் எக்ஸ்டர்னல்ல இருந்துச்சும்மா. அக்கா கேபிளப் புடுங்கறதுக்கு முன்னாடி நான் பாத்துட்டேன். ஒத்திகை முடிஞ்சதும் போய்க் கேட்டேன், ஏங்க்கா ரெண்டையும் மாத்தினீங்கன்னு."

"என்ன சொன்னாங்க?"

"'ஒண்ணு சொல்லிகிட்டே இருக்கணும், இன்னொண்ணு கேட்டுகிட்டே இருக்கணும்னா அது சேர்ந்து வாசிக்கிறதாடா? அதுக்குப் பேரு ஆபீஸ். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு கேக்கணும்னு வெச்சேன். இந்தச் சனியன் ரெண்டும் பேசிக்கவே இல்ல' அப்படின்னாங்க."

குரலை அப்படியே பிடித்திருந்தார். பதினெட்டு வருடம் ஒன்றரை மீட்டர் தூரத்தில் நின்றவர்.

"நான் ஒண்ணு சொன்னேன்மா. பொண்ணு வெச்சது, நீங்க வெச்சது, எதையும் மாத்த வேணாம்க்கா, ரெண்டும் எக்ஸ்டர்னல்லயே இருக்கட்டும். நான் தாளம் அடிக்கிற பேடுக்குள்ளயும் கடிகாரம் இருக்கு. அதுலேர்ந்து ஒரு கேபிள் மேல் பெட்டிக்கு, அங்கேருந்து இன்னொண்ணு கீழ் பெட்டிக்கு. நான் அடிக்க ஆரம்பிச்சா ரெண்டும் என்கூட ஓடும். நீங்க விரலத் தூக்கவே வேணாம்னேன்."

சரியான வழி. நான் வியாழக்கிழமையே யோசித்திருக்க வேண்டியது. தாளம் அடிப்பவர் கடிகாரம் தருவதைவிட எளிது எது?

"திட்டினாங்களா?"

"'டப்பா சொல்ற வேகத்துல நான் வாசிக்கணுமா? அதுக்கு உங்க முதலாளி பென் டிரைவே மேலு'ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க." டயர்காரர் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அவங்களே போன் பண்ணினாங்க. 'ஏய் டப்பா, செவ்வாக்கிழமை உன் கடையில எத்தனை மணிக்கு ஆள் குறைவா இருக்கும்?'னு கேட்டாங்க. மூணு மணிக்குன்னேன். 'கேபிள் ஒண்ணுதான் இருக்கு, இன்னொண்ணு வாங்கிட்டு வர்றேன். சரியா வந்தா என் தம்பி முன்னாடி வாசிச்சுக் காட்டுவோம். வரலேன்னா இதை எவன்கிட்டயும் சொன்னே, தொலைச்சுடுவேன்'னாங்க."

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன். செவ்வாய்க்கிழமை கடைத்தெருவில் இறக்கிவிடச் சொல்லியிருந்தாள் என்றார். எதற்கு என்று கேட்டாராம். "உங்களுக்கு எதுக்கு? பஸ்ஸுல ஏறுறவங்ககிட்ட எல்லாம் எதுக்குப் போறீங்கன்னா கேட்டீங்க?" என்றாளாம்.

அவள் கைப்பை அலமாரியில் மாட்டியபடியே இருந்தது. முன்பக்க உறையில், நோட்டரி அலுவலகத்தின் பழைய காகிதத்தை நான்காகக் கிழித்த துண்டு. தட்டச்சு போன்ற நேர்க்கோட்டுக் கையெழுத்து.

செவ்வாய். ஐந்து முள் கேபிள், ஒன்று. இரண்டு மீட்டர். கடைக்காரன் கணினிக்குப் போடுவதை எடுத்துத் தருவான், வாங்கக் கூடாது. பிறகு டயர் கடை, மூன்று மணி.